எண்பத்து நாலாம் பக்கம்

மலாக்கா நகரின் காஜா பெராங் இந்தியர் நற்பணி மன்றத்தின் செயலாளர் கலியாணசுந்தரம், சந்திரமதியின் புத்தக வெளியீட்டுக்கு நாள் குறித்துக் கொடுத்தபோது கூடவே இன்னொரு சீட்டையும் கொடுத்தார். அறுபது பேருக்கு உளுந்து வடை, அறுபது பேருக்குக் கேசரி, காப்பி என்று அதில் எழுதியிருந்தது.

"இதெல்லாம் யாருங்க செய்யப்போறது?" என்று கேட்டாள் சந்திரமதி.

"வேற யாரு? நீங்கதாம்மா. சாப்பாட்டப் பத்தி புஸ்தகம் எழுதியிருக்கீங்க. கைப்பக்குவத்தையும் காட்டுனாத்தானே சபைக்கு ஒரு நம்பிக்கை வரும்?"

"ஐயா, நீங்க அதப் படிச்சீங்களா?"

"படிக்காம இருப்பனா? பிரமாதம்" என்றார் அவர். அட்டையைத் தாண்டி அவர் போகவில்லை என்பது அந்தப் 'பிரமாத'த்திலேயே தெரிந்துவிட்டது.

புத்தகத்தின் பெயர் 'மரவள்ளி வருஷங்கள்'. ஜப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருஷம் சந்திரமதி புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் கிழங்கு அவிக்க வேண்டும். கிழங்கைத் துருவி, பிழிந்து, காயவைத்து மாவாக்கி, அதில் ரொட்டி மாதிரி ஒன்று சுட்டு, அதையும் நூலால் எட்டாக அறுத்துக் கொடுத்த காலம். எந்தப் பிள்ளை தின்றது, எந்தப் பிள்ளை கக்கியது, எந்தப் பிள்ளை மறுநாள் வரவில்லை என்பதெல்லாம் பதினைந்து வருஷமாக அவளுக்குள் கிடந்தது. காஜா பெராங்குக்குக் குடிவந்த பிறகு, அடுப்பு வேலை ஓய்ந்த மத்தியான வேளைகளில் பள்ளிக்கூட நோட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினாள். சுதந்திரம் வந்த வருஷம் முடிவதற்குள் ஓர் அச்சகக்காரர் அதை அச்சிட்டுத் தந்தார். நூற்றிருபது பக்கம். கேசரி என்ற சொல் அதில் எங்குமே கிடையாது.

வெளியீட்டு நாள் காலையில் விடியும் முன்பே உளுந்தை ஆட்ட உட்கார்ந்தவள் பொன்னம்மா. சந்திரமதியின் நாத்தனார், கணவன் கருணாகரனுக்கு நேர் இளையவள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இவர்களோடு குடியிருந்த அவள் புருஷன் அப்பாசாமியை நாற்பத்து மூன்றிலே ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அப்போது வயிற்றிலிருந்த ஜெயாவுக்கு இப்போது பதினாலு வயது. தாயும் மகளும் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

"ஜெயா, அந்தச் சின்ன வெங்காயத்த உரிச்சுக் குடு" என்று பொன்னம்மா கூப்பிட்டாள்.

பின்வாசற்படியில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த ஜெயா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் எழுந்து, தாயைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"என்னவாம் அவளுக்கு?" என்றாள் சந்திரமதி.

"நாலு நாளா இப்படித்தான் அண்ணி. நான் வச்ச சோத்தத் தொட மாட்டேங்குறா. மாமா வந்து வச்சாத்தான் திங்குறா."

"பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் நடந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, சந்திரமதி சபையில் தான் பேசப்போவதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். கால்மணி நேரப் பேச்சு. நான்கு நாள் கண்ணாடி முன் நின்று பழகியது.

மன்றத்துக் கூடத்தில் அறுபதுக்கு மேலேயே கூட்டம். கலியாணசுந்தரம் முக்கால் மணி நேரம் பேசினார். சுதந்திரம் பெற்று ஏழு மாதமான நாட்டில் நம் பெண்குலம் எப்படித் தலைநிமிர்ந்து நிற்கிறது, அகப்பை பிடித்த கை எப்படிப் பேனா பிடித்திருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். சந்திரமதி கீழிருந்து பார்த்தாள். அந்தப் பிரதியில் நடுவே பத்துப் பதினைந்து பக்கங்கள் ஓரம் வெட்டுப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அச்சகத்தில் அவளே பார்த்து ஒதுக்கிவைக்கச் சொன்ன பிரதி. அது அவர் கைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நேரம் கொஞ்சம் கடந்துபோச்சு. ஆசிரியர் அவர்கள் ரெண்டே ரெண்டு வார்த்த பேசுவாங்க" என்று அவர் அழைத்தபோது பின்பக்கக் கதவு திறந்து காப்பி அண்டா உள்ளே வந்தது. நாற்காலிகள் இழுபட்டன. சந்திரமதி ஒலிபெருக்கி முன் போய் நின்று, "வணக்கம்" என்றாள். அதற்குள் முன்வரிசை எழுந்துவிட்டது. "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சொன்னபடி ரெண்டே வார்த்தைதான் ஆனது.

வடை பத்து நிமிஷத்தில் காலி. ஒரு பெண் கேசரித் தட்டோடு அவளிடம் வந்தாள்.

"அக்கா, கேசரி அப்படியே வாயில கரையுது. எத்தன பங்கு தண்ணி வச்சீங்க? இதுல எழுதியிருக்கீங்களா?"

"இதுல கேசரி இல்லம்மா."

"அப்ப என்னதான் இருக்கு?"

"மரவள்ளிக்கெழங்கு. ஜப்பான் காலத்துல நாம எப்படித் தின்னோம்னு..."

"ஐயே, அதத் தின்னு தின்னு அலுத்துத்தானேக்கா வந்திருக்கோம். இப்பப்போயி அத யாரு படிப்பா?" என்று சொல்லிச் சிரித்து, தட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

கொண்டுபோன கட்டுகளில் ஒன்றுகூடப் பிரிபடாமல் வீட்டுக்குத் திரும்பியது. பக்கத்து வீட்டு ராஜரத்தினம், ஊரில் பல தலைமுறையாக வாழும் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெரியவர். தமிழ்ப் பெயர், கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவதோ மலாய். அவர் வேலியோரம் நின்று ஒரு பிரதியை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, "படம் ஒன்றும் இல்லையா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்றதும் வருத்தப்பட்டார். "எனக்கு எழுத்து தெரியாது. நீ ஒரு நாள் வந்து வாயால் சொல், கேட்கிறேன்" என்றார். அந்த மாதம் முழுவதும் அவளிடம் யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் பத்திரிகையில் மதிப்புரை வந்தது. ஏழு வரி. 'திருமதி கருணாகரன் எழுதியுள்ள இந்நூல், புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண்மணிகளுக்குச் சிறந்த வழிகாட்டி.' கருணாகரன் குழாய் வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்து அதை இரண்டு தரம் படித்தான். "பரவால்லியே, நம்ம பேரும் வந்திருக்கு" என்றான்.

"உங்க பேரு மட்டுந்தான் வந்திருக்கு."

"அதுக்கு நான் என்ன புள்ள பண்ணுவேன்?"

"நீங்களாச்சும் படிச்சீங்களா?"

"ஆரம்பிச்சேன். அந்தச் சின்னப் புள்ளைங்க சாவுற எடம் வந்துச்சு. மூடி வச்சுட்டேன்" என்று கைகழுவப் போய்விட்டான்.

ஜாலான் பெண்டஹாரா வீதியில் மளிகையும் பூசைச் சாமானும் விற்கும் நாராயணன் செட்டியார் பத்துப் பிரதிகளைக் கடையில் வைத்திருந்தார். எப்படிப் போகிறது என்று பார்க்கச் சந்திரமதி போனபோது, மல்லி மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவே ஒரு பலகையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. 'சமையல் செய்வது எப்படி?'

"செட்டியாரே, இது என்ன வேல?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. வர்றவுக எடுத்துப் பாக்குறாக, என்னன்னு புரியாம வச்சுட்டுப் போயிடுறாக. அதான் புரியும்படியா ஒரு வார்த்தைய ஒட்டிவச்சேன். ஒட்டுன அன்னைக்கே மூணு போச்சு."

அவள் பதில் சொல்லுமுன் ஒரு நடுவயது அம்மாள் உள்ளே வந்து, புத்தகத்தைத் தராசுப் பக்கத்தில் 'தொப்'பென்று வைத்தாள்.

"என்னங்க செட்டியார், ஏமாத்துறீங்க? மருமக வந்திருக்காளேன்னு வாங்கிட்டுப் போனேன். ஒரு கொழம்புக்குக்கூட அளவு இல்ல. தெறந்த பக்கமெல்லாம் யாராச்சும் அழுதுக்கிட்டே இருக்காங்க. மசால் பொடியா மாத்திக் குடுங்க."

நாராயணன் சந்திரமதியின் முகத்தைப் பார்க்காமல் மசால் பொடிப் பொட்டலத்தை எடுத்தார். சந்திரமதி பலகையிலிருந்த பிரதிகளை எல்லாம் பையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நல்ல வெயில். பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வந்தாள். நகத்தால் அட்டைச் சீட்டுகளைச் சுரண்டிக்கொண்டே நடந்தாள். பசை அட்டையின் வண்ணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது.

வீட்டில் பொன்னம்மா கெம்போங் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். சந்திரமதி பையை அடுப்படித் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"போதும் பொன்னம்மா. எல்லாத்தையும் கட்டிப் பரணுல போட்டுடலாம். வடை கேக்குறான், கேசரி கேக்குறா, மசால் பொடி கேக்குறா. இந்த மலாக்கா பூராவும் ஒருத்தர், ஒரே ஒருத்தர், முழுசாப் படிச்சிருப்பாங்களா சொல்லு?"

பொன்னம்மா மீனின் செவுளைப் பிய்த்து எறிந்தாள். "நான் படிச்சேன் அண்ணி" என்றாள்.

சந்திரமதி நிமிர்ந்து பார்த்தாள். பொன்னம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "எப்ப?"

"நீங்க கட்டோட கொண்டாந்து எறக்குன அன்னையிலேர்ந்து. ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம், மூணு பக்கம். முடிச்சுட்டேன்."

"சொல்லவே இல்லியே! எப்படி இருந்துச்சு?" சந்திரமதியின் குரலில் தன்னை மீறி ஒரு சந்தோஷம் வந்துவிட்டது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கொட்டகையில அந்தக் கெழங்கு ரொட்டிய நூலு போட்டு அறுப்பீங்களே, அதெல்லாம் அப்படியே இருக்கு. எண்பத்து நாலாம் பக்கம் மட்டும் பொய்."

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சந்திரமதி யோசிக்கத் தேவையிருக்கவில்லை. உப்புக்குப் பஞ்சம் வந்த அத்தியாயம் அது. உப்பில்லாத கிழங்கு மாசக்கணக்கில் தின்று எல்லோரும் கைகால் சோர்ந்து கிடந்தபோது அப்பாசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போனார். கடல் தண்ணீரைத் தகரத்தில் காய்ச்சி உப்பெடுத்துத் திரும்பும் வழியில் ஜப்பான்காரர்கள் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். எண்பத்து நாலாம் பக்கம் இப்படி இருந்தது: 'ஐந்து மாதக் கர்ப்பிணியான பொன்னம்மா, எனக்கு உப்பு வேண்டும் என்று அடம்பிடித்தாள்.'

"அது... அத்தை அப்பல்லாம் அப்படித்தானே சொல்லிக்கிட்டிருந்தாங்க?" என்றாள் சந்திரமதி.

"எங்கம்மா சொன்னாங்க. மகன் போல வளர்த்த மருமவன் போயிட்டான்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, எவ வாயிக்கு ருசி கேட்டு அனுப்புனான்னு கேட்டாங்க. லயத்துல யாரோ ஒருத்தி, புள்ளத்தாச்சி கேட்டிருப்பான்னா. நீங்க அங்கனதான் நின்னீங்க. வாயத் தொறக்கல."

"பொன்னம்மா..."

"நான் ஒண்ணும் கேக்கல அண்ணி. எனக்கு அப்ப எதத் தின்னாலும் கொமட்டும். உப்பாவது புளியாவது! அவரு மாட்டேன்னாரு. ரோட்டுல ஆளு புடிக்கிற லாரி நிக்குது தங்கச்சி, நாலு நாளு போகட்டும்னாரு. நீங்கதான், நாப்பது புள்ளைங்க கக்கிக்கிட்டுக் கெடக்குது, இந்த லயத்துல ஆம்பளன்னு ஒருத்தன் இருந்தா உப்பு வந்திருக்கும்னீங்க. நான் தட்டிக்குப் பின்னாடி படுத்துக்கிட்டுக் கேட்டேன்."

அடுப்பில் உலை கொதித்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"ஏன் இத்தன வருஷமா நீ ஒரு வார்த்த சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? புள்ளைங்க பசின்னுதான் நீங்களும் சொன்னீங்க. அவரு சாகணும்னா சொன்னீங்க? எங்கம்மா ஏசுனா ஏசிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். அவங்களும் போயிட்டாங்க. வாயால பேசுனது காத்தோட போச்சு அண்ணி. நீங்க அச்சுல போட்டுட்டீங்களே. அதத்தான் ஜெயா படிச்சிருக்கு."

சந்திரமதிக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன சொன்னா?"

"நீ நாக்க அடக்கியிருந்தா எனக்கு அப்பா இருந்திருப்பாருன்னு சொன்னா. அன்னையிலேர்ந்துதான் எங்கையால திங்க மாட்டேங்குறா."

"நீ அவகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். புஸ்தகத்துல போட்டிருக்குல்ல, அத்தையா பொய் எழுதுவாங்கன்னு கேக்குறா." பொன்னம்மா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சந்திரமதிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஏன் அப்படி எழுதினோம் என்று அன்று முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டாள். எழுதும்போது கை நின்றது உண்மை. 'நான்' என்று ஆரம்பித்து ஒரு வரியை அடித்ததும் உண்மை. மாமியார் சொன்ன கதை தயாராக இருந்தது. அதில் ஒரு அழகும் இருந்தது. மசக்கைக்காரி, உப்பு, திரும்பாத புருஷன். படிக்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும் என்று நினைத்தாள். படிக்கிறவர்கள் என்று அவள் எண்ணியிருந்த கூட்டத்தில் பொன்னம்மாவும் ஜெயாவும் இருக்கவேயில்லை.

கருணாகரனிடம் சொன்னாள். "எங்கம்மா கடைசி வரைக்கும் அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கல, தெரியுமில்ல உனக்கு?" என்றான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரம்பாய்த் தோட்டத்துக் கோயில் கொட்டகையில் ஒரு கூட்டம். கோயில் தலைவர் நல்லையா ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டிருந்தார். போகாமல் இருந்துவிட நினைத்தவள், காலையில் எழுந்து புடவை கட்டி, கடையிலிருந்து அள்ளிவந்த பிரதிகள் கிடந்த பையை எடுத்துக்கொண்டாள். ஜெயாவிடம் போய், "உங்கப்பா இருந்த லயத்தப் பாக்க வர்றியா?" என்றாள். ஜெயா செருப்பை மாட்டினாள். சந்திரமதி பொன்னம்மாவையும் கூப்பிட்டாள்.

"நீங்க போங்க அண்ணி. எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல" என்றாள் பொன்னம்மா.

கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் புதிதாக வந்தவர்கள். நல்லையா அவளை ஓரமாக அழைத்து, "அம்மா, ஒரு பத்து நிமிஷம். அதுக்கப்புறம் பால்குடத்தப் பத்தி ஒரு முக்கியமான மீட்டிங் இருக்கு. ருசியா நாலு விஷயம் சொல்லுங்க" என்றார். அவள் புத்தகத்தைத் திறந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சரளை கொட்டுவதுபோல ஓசை. ஒலிபெருக்கி இரைந்து நின்றுபோனது.

"கிட்ட வாங்க" என்று கத்தினாள். ஐந்தாறு பேர் கிட்ட வந்தார்கள். ஜெயா தூணில் சாய்ந்தபடி வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரமதி எண்பத்து நாலாம் பக்கத்தை உரக்கப் படித்தாள். படித்து முடித்து, "இது தப்பு" என்றாள்.

"சத்தமாம்மா!"

"இது தப்புன்னு சொல்றேன்! பொன்னம்மா உப்புக் கேக்கல. நான் கேட்டேன். அப்பாசாமி அண்ணன் மாட்டேன்னாரு. நான்தான் கேக்கக்கூடாத வார்த்தையச் சொல்லி அனுப்புனேன். அத மறைச்சு, பழிய அவ தலையில போட்டு அச்சடிச்சுட்டேன்."

நல்லையா ஆதரவாகத் தலையாட்டினார். "பரவால்லம்மா. அச்சுப்பிழையெல்லாம் சகஜந்தான். அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்."

"இது அச்சுப்பிழ இல்லிங்க! நான் பண்ணுன பிழ!"

"அதான்மா, யாரு பண்ணுனா என்ன?" என்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்னால் நின்ற ஒருத்தி, அதுவரை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், கையைத் தூக்கினாள். சந்திரமதி ஆவலோடு அவள் பக்கம் குனிந்தாள்.

"ஏங்க, கடல் தண்ணிய எத்தன மணி நேரம் காய்ச்சுனா உப்பு எறங்கும்?"

சந்திரமதி கண்ணை மூடித் திறந்தாள். "பாதி நாளாகும்மா" என்றாள். புத்தகத்தை மூடினாள். கைதட்டினார்கள். பால்குடக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது தூணருகே ஜெயா இல்லை. மழையில் நனைந்தபடி பஸ் நிற்குமிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. சந்திரமதி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஜெயா கேட்டாள்.

"அப்பா மாட்டேன்னுதான் சொன்னாரா?"

"ஆமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சந்திரமதி அந்த வார்த்தையை அப்படியே சொன்னாள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஜெயா எழுந்து, முன்னால் இருந்த காலி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஈரப் பின்னலிலிருந்து தண்ணீர் சட்டை முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துவிட நீட்டிய கையைச் சந்திரமதி இழுத்துக்கொண்டாள். இனி இந்தப் பெண் தன் கையால் சோறு வாங்க மாட்டாள் என்று நினைத்தாள். வாங்காவிட்டால் நியாயந்தான் என்றும் நினைத்தாள்.

சாலையின் இருபுறமும் கித்தா என்னும் ரப்பர் மரங்கள் நனைந்து கறுத்து நின்றன. மடியிலிருந்த புத்தகத்தைப் பிரித்தாள். பையில் துழாவிப் பேனாவை எடுத்து, பொன்னம்மா என்ற பெயரைக் குறுக்கே அடித்தாள். பஸ் குலுங்கியதில் கோடு வளைந்தது. அதற்கு மேலே 'நான்' என்று எழுதினாள்.

ஜெயா எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை. இருக்கை முதுகின் மேல் கையை வைத்து, அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'நான் அடம்பிடித்தாள்'னு வருமா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் பிழை கண்டுபிடிக்கும் குரல். "வினையையும் மாத்துங்க. 'ஐந்து மாதக் கர்ப்பிணியான'ங்கிறதையும் அடிங்க. அது நீங்க இல்லியே."

சந்திரமதி அவற்றையும் அடித்தாள். 'அடம்பிடித்தேன்' என்று திருத்தினாள். ஜெயா புத்தகத்தை வாங்கி, அந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை வாயசைத்துப் படித்தாள். மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பையைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த பிரதியை எடுத்து, எண்பத்து நாலாம் பக்கத்தைப் பிரித்து, அத்தையிடம் நீட்டினாள்.